64 கிலோபைட்டில் ஐகான்களும் மெனுக்களும்

கேள்வி: கம்மடோர் 64 கணினியின் 64 கிலோபைட் நினைவகத்தில் ஐகான்களும் மெனுக்களும் இயங்கின என்றால் என் மாணவர்கள் நம்ப மறுக்கிறார்கள். அது எப்படிச் சாத்தியமானது?
– ஆசிரியை, கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்

பதில்: 1982-இல் வந்த அக்கணினியை இயக்கியதும் தோன்றியது பேசிக் என்னும் நிரல்மொழியின் எழுத்துத்திரைதான். 1986-இல் பெர்க்லி சாஃப்ட்வொர்க்ஸ் நிறுவனம் வெளியிட்ட ஜியோஸ் என்னும் இயங்குதளம், நெகிழ்வட்டிலிருந்து ஏறி, ஐகான்களையும் மெனுக்களையும் அதே கணினிக்குக் கொண்டுவந்தது. திரையில் கிடைமட்டமாக 320, செங்குத்தாக 200 புள்ளிகள். புள்ளிக்கு ஒரு பிட், எட்டு பிட்டுக்கு ஒரு பைட் வீதம் கணக்கிட்டால் முழுத் திரைக்கும் 8,000 பைட் மட்டுமே. மாணவர்களுக்கு இந்தப் பெருக்கலைக் கரும்பலகையில் அவசியம் போட்டுக் காட்டுங்கள். பெரிய செயலிகளின் எல்லாப் பகுதிகளையும் ஒன்றாக நினைவகத்தில் வைக்காமல், அப்போதைக்குத் தேவையானதை மட்டும் வட்டிலிருந்து எடுத்து, வேலை முடிந்ததும் அடுத்ததை அதே இடத்தில் ஏற்றினார்கள்; அந்தச் சிக்கனத்தை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். கம்மடோரின் வட்டு இயக்கி மிக மெதுவானது என்பதால், அதை விரைவுபடுத்தும் நிரலும் ஜியோஸுக்குள்ளேயே இருந்தது.