மைக்ரோவேவ் ஓவன்: எல்லையோர வீடுகளிலிருந்து வந்த கேள்விகள்

கே: கண்ணாடிப் பாத்திரம்தான் வைக்கிறோம். ஆனாலும் ஓவனின் உள்சுவரில் படபடவென்று பொறி பறக்கிறதே? (கொழிஞ்சாம்பாறை)

ப: பெரும்பாலான ஓவன்களில் உள்ளே வலப்பக்கச் சுவரில் வெளிர்பழுப்பாக அட்டை மாதிரி ஒன்று இருக்கும். அது அட்டையில்லை, மைக்கா ஷீட். மைக்ரோவேவ் அலையை உண்டாக்கும் பாகமான மேக்னட்ரானிலிருந்து அலை உள்ளே வரும் வாசலை மூடியிருப்பது அதுதான். குழம்பு தெறித்து, எண்ணெய் அதில் படிந்து, நாளடைவில் கருகிக் கரியாகிவிடும். கரி மின்சாரம் கடத்தும். பொறி அங்கேதான் கிளம்புகிறது.

பிளக்கைப் பிடுங்கி, ஆறவிட்டு, ஈரத்துணியால் துடையுங்கள். பிசுக்கு மட்டுமென்றால் அதோடு சரியாகிவிடும். கருந்திட்டோ ஓட்டையோ விழுந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். புது ஷீட்டின் மேல் பழையதை வைத்து வரைந்து, கத்தரிக்கோலால் வெட்டிப் பொருத்திவிடலாம். 'ஷீட் வரும்வரை சும்மா ஓட்டுவோம்' என்று மட்டும் நினைக்காதீர்கள். தெறிப்பு அந்த வாசலுக்குள் போய், மேக்னட்ரானுக்கே செலவு வைத்துவிடும்.

உள்சுவரில் பெயின்ட் உரிந்து தகரம் தெரிந்தாலும், தங்க ஜரிகை போட்ட பீங்கான் தட்டை வைத்தாலும் இதே பொறிதான் வரும்.

கே: கட்டன் சாயாவுக்கு (பால் சேர்க்காத டீ) தண்ணீர் சுடவைத்தேன். குமிழியே இல்லை. டீ பேக்கைப் போட்டதும் குபீரென்று பொங்கிக் கையில் கொட்டிவிட்டது. (மூணாறு)

ப: குமிழி பிறக்கச் சின்னக் கீறலோ தூசியோ வேண்டும். வழவழப்பான கண்ணாடி டம்ளரில் அது கிடைக்காததால், கொதிநிலையைத் தாண்டியும் தண்ணீர் சாதுவாக நிற்கும். உங்கள் ஊர் உயரத்தில் 95 டிகிரி வாக்கிலேயே தண்ணீர் கொதிக்க வேண்டும். அதைத் தாண்டி நின்ற தண்ணீரில் டீ பேக்கோ சர்க்கரையோ விழுந்தால், அடக்கி வைத்த ஆவி மொத்தமும் ஒரே நொடியில் கிளம்பும்.

டம்ளரில் ஒரு மரக்குச்சி போட்டு வையுங்கள். ஒரு நிமிடத்தில் நிறுத்திக் கலக்கிவிட்டு மறுபடி சுடவையுங்கள். முடிந்ததும் அரை நிமிடம் கதவைத் திறக்க வேண்டாம். ஒருமுறை கொதித்து ஆறின தண்ணீரை மறுபடி வைப்பது இன்னும் மோசம், அதில் கரைந்திருந்த காற்றும் போயிருக்கும். சாயாவுக்கு அடுப்புதான் நல்லது என்பது எங்கள் கட்சி.

கே: பொதிச்சோற்றை (வாழையிலையில் கட்டிய சோறு) அப்படியே வைக்கலாமா? (வாளையார்)

ப: இலையோடு வைக்கலாம், செய்தித்தாளோடு கூடாது, தீப்பிடிக்கும். ரப்பர் பேண்ட், ஸ்டேப்ளர் பின் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். மட்டைச் சோறு (கேரளச் சிவப்பரிசிச் சோறு) காய்ந்திருந்தால் 2 ஸ்பூன் தண்ணீர் தெளித்து, ஒன்றரை நிமிடம் போதும். உள்ளே அவித்த முட்டை இருந்தால் வெளியே எடுத்து வையுங்கள். முழு முட்டை வெடிக்கும், சில சமயம் வெளியே எடுத்துக் கடிக்கும்போதுதான் வெடிக்கும். காலையில் கட்டிய சோறு சாயங்காலம் வரை வெளியே கிடந்திருந்தால் சுடவைத்தும் பயனில்லை. அதில் பெருகும் ஒருவகை பாக்டீரியா விடும் நஞ்சு சூட்டுக்கு அழியாது.

கே: 2 நிமிடத்தில் சூடாகும் சாம்பாருக்கு ராத்திரியில் 4 நிமிடம் ஆகிறது. ஓவன் போய்விட்டதா? இன்வெர்ட்டரில் ஓட்டலாமா? (நகரி)

ப: முதலில் வோல்டேஜைப் பாருங்கள். விளக்கும் தட்டும் ஒழுங்காக ஓடும். ஆனால் மேக்னட்ரானுக்கு ஆயிரக்கணக்கான வோல்ட் வேண்டும், லைன் 180க்கு இறங்கினால் அங்கே சூடு நன்றாகவே குறையும். பகலில் சரியாக இருந்தால் ஓவனில் கோளாறு இல்லை. சூடாக்க மட்டும் உதவும் சாதாரண 20 லிட்டர் 'சோலோ' ஓவனே 1,200 வாட் வரை இழுக்கும். வீட்டு 800 விஏ இன்வெர்ட்டர் தாங்காது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் வேண்டாம், எர்த் உள்ள 16 ஆம்பியர் பாயிண்டில் நேராகச் செருகுங்கள்.

கே: ஃபியூஸ்தானே, நானே கழற்றி மாற்றலாமா? (சித்தூர்)

ப: வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெபாசிட்டரில் ஆளைக் கொல்லும் மின்சாரம் தங்கியிருக்கும்.

கே: பப்படம் சுடலாமா? (புனலூர்)

ப: சுடலாம். ஒவ்வொன்றாக, 30 முதல் 40 விநாடி, பக்கத்திலேயே நின்று.