கடலோரப் படிமேடைகள்: நிலம் எழுந்ததா, கடல் இறங்கியதா?

கடலோரக் குன்றுகளில் மாடிப்படி போல அடுக்கடுக்காகத் தெரியும் தட்டை நிலங்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: அந்தத் தட்டை நிலம் உண்மையில் என்ன? ஆற்று மேடையாக இருக்கக் கூடாதா?

பழைய கடற்கரைதான். அலை, கரைப்பாறையின் அடியைக் குடையும். மேலே நிற்கும் பாறை இடிந்து விழும். செங்குத்துக் கரை பின்வாங்கப் பின்வாங்க, அதன் காலடியில் கடலை நோக்கி லேசாகச் சாய்ந்த பாறைத்தளம் மிஞ்சும். அது நீருக்கு மேலே வந்துவிட்டால் படிமேடை. வெப்பமண்டலக் கடல்களில் பவளத்திட்டே வளர்ந்து, பிறகு மேலே தூக்கப்பட்டு மேடையாவதும் உண்டு.

சந்தேகம் வந்தால் மண்ணைக் கிளறிப் பாருங்கள். கடற்சிப்பி, உருண்ட கூழாங்கல், பாறையைத் துளைக்கும் சிப்பிகள் போட்ட ஓட்டை என்று ஏதாவது அகப்படும். ஆற்று மேடை பள்ளத்தாக்கை ஒட்டிப் போகும்; இது கரையை ஒட்டிப் போகும்.

கேள்வி: நிலம் உயர்ந்ததா, கடல் இறங்கியதா? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

இரண்டும்தான். இதில் சுருக்கினால் தப்பாகிவிடும், கொஞ்சம் பொறுங்கள்.

பனியுகங்களில் நீர் பனிப்பாளங்களாக நிலத்தில் தங்கிவிட, கடல் இறங்கும். பனி உருகினால் ஏறும். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் கீழே கிடந்தது. சுமார் 1,25,000 ஆண்டுகளுக்கு முன்போ இன்றைவிட 6 முதல் 9 மீட்டர் மேலே நின்றது. ஒரு சுவர் மெல்ல மெல்ல மேலே நகர்ந்துகொண்டிருக்கிறது, அதன் மேல் ஒரு கை ஏறி இறங்கிக் கோடு போடுகிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். கடல் உச்சத்தில் சற்றுத் தங்கும்போதெல்லாம் ஒரு கோடு விழும். அடுத்த உச்சம் வருவதற்குள் சுவர் உயர்ந்திருப்பதால் பழைய கோடு தப்பிவிடும். சுவர் நகராவிட்டால்? புதிய கோடு பழையதன் மேலேயே விழுந்து அதை அழித்துவிடும். அதனால்தான் அசையாத கரைகளில் பெரும்பாலும் தாழ்ந்த ஒரு மேடையோடு சரி. பல படிகள் இருந்தால் அது எழும் நிலம்.

கேள்வி: மேடையின் உயரம் தெரிந்தால் நிலம் எழும் வேகத்தைக் கணக்கிடலாமா?

உயரம் மட்டும் போதாது. வயதும், அன்றைய கடல் மட்டமும் வேண்டும். மேடை 131 மீட்டரில் இருக்கிறது, வயது 1,25,000 ஆண்டு, அன்று கடல் 6 மீட்டர் மேலே இருந்தது என்று வைப்போம். 131-இல் 6 போனால் 125 மீட்டர். ஆண்டுக்கு 1 மில்லிமீட்டர்.

அளக்கும் இடம் முக்கியம். மேடையும் பின்னாலுள்ள பழைய செங்குத்துக் கரையும் சந்திக்கும் உள்மூலைதான் அன்றைய நீர்மட்டத்துக்கு அருகில் இருந்தது. மேலிருந்து சரிந்த மண் அதை மூடியிருக்கும். மாணவனாக இருந்தபோது அந்த மண்ணின் மேல்பரப்பை அளந்து, உயரத்தைக் கூட்டிக் காட்டி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

கேள்வி: வயதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? கார்பன் முறையா?

அது சுமார் 50,000 ஆண்டோடு நின்றுவிடும். பவளம் கிடைத்தால் யுரேனியம்–தோரியம் முறை. கடல்நீரில் கரைந்த யுரேனியம் பவளத்தின் உடலில் சேரும். தோரியம் அநேகமாகச் சேராது. ஆகவே உள்ளே இருக்கும் தோரியம் யுரேனியம் சிதைந்து பிறந்தது. அதை எண்ணினால் சுமார் 5 லட்சம் ஆண்டு வரை போகலாம். 1960-களின் இறுதியில் பார்படோஸ் தீவின் பவள மேடைகளுக்கு இப்படி 82,000, 1,05,000, 1,25,000 ஆண்டு என வயது கிடைத்தது. பனியுகங்களைப் பூமியின் சுற்றுப்பாதை மாற்றங்களோடு இணைத்த மிலான்கோவிச்சின் கணக்குக்கு இது பெரிய பலம். பப்புவா நியூ கினியின் ஹுவான் தீபகற்பத்திலும் இப்படி அடுக்கடுக்கான பவளப் படிகள் உண்டு. அங்கே சில இடங்களில் நிலம் ஆண்டுக்கு 3 மில்லிமீட்டர் வரை எழுகிறது.

கேள்வி: அப்படியானால் ஒவ்வொரு படியும் ஒரு நிலநடுக்கமா?

இல்லை, இந்தக் குழப்பம் அடிக்கடி வரும். பெரிய, அகலமான மேடைகள் கடலின் உச்சங்கள். கடல் மட்டம் ஏறக்குறைய நிலைத்துவிட்ட கடைசி சில ஆயிரம் ஆண்டுகளில் உண்டான சின்னச் சின்னப் படிகள்தான் நிலநடுக்கத்தின் கைவரிசை. நியூசிலாந்தின் துராகிராயி முனையில் அப்படிப்பட்ட கடற்கரை வரிசை இருக்கிறது. 1855 நிலநடுக்கத்தில் அங்கே நிலம் சில மீட்டர் எழுந்தது. 2024 ஜனவரி 1 அன்று ஜப்பானின் நோட்டோவில் கரை சில இடங்களில் சுமார் 4 மீட்டர் எழுந்து, கடலடி வெளியே வந்தது. இரண்டு நிலநடுக்கங்களுக்கு இடைப்பட்ட காலத்தில், எழுந்த நிலம் கொஞ்சம் திரும்ப இறங்குவதும் உண்டு. ஆகவே ஒரு நிலநடுக்கத்தின் அளவை வைத்து நீண்டகால வேகத்தைச் சொல்லக் கூடாது.

கேள்வி: சுவீடனிலும் நிலம் எழுகிறதாமே?

அது வேறு கதை. பனிப்பாளத்தின் பாரம் நீங்கியதால் அழுத்தப்பட்ட நிலம் மேலெழுகிறது. அங்கே ஹோகா கஸ்டன் என்ற கடலோரப் பகுதியில் பழைய கரை 286 மீட்டர் உயரத்தில் இருக்கிறது.

கேள்வி: நிலம் அமிழும் இடத்தில் படிகளே இருக்காதா?

இருக்கும், நீருக்கடியில். ஹவாய் பெருந்தீவு தன் எரிமலைகளின் பாரத்தால் ஆண்டுக்குச் சுமார் 2.5 மில்லிமீட்டர் அமிழ்கிறது. அதைச் சுற்றி மூழ்கிய பவளத்திட்டுகள் படிப்படியாக ஆயிரம் மீட்டருக்கும் கீழே வரை கிடக்கின்றன. எழும் கரையில் உச்சிப் படி மூத்தது. இங்கே அடிப்படிதான் மூத்தது.