ஏஜென்சியா, மீடியாவா, கம்பெனி டீமா? – வேலை கேள்வி-பதில்

காட்பாடி முதல் திருப்பத்தூர் வரை இம்முறை வந்த கேள்விகளில் பாதி, "எந்த கம்பெனி நல்லது?" என்கிற ஒற்றை வரிதான். ஆஃபர் லெட்டரின் இரண்டாம் பக்கத்தையும் படித்துவிட்டு எழுதியவர்கள் சிலரே. அவர்களுக்கு விரிவாகவும் மற்றவர்களுக்குச் சுருக்கமாகவும் பதில்.

பி.காம். முடித்து 3 மாத டிஜிட்டல் மார்க்கெட்டிங் கோர்ஸும் படித்துவிட்டேன். ஏஜென்சியில் சேர்வதா, ஏதாவது கம்பெனியின் சொந்த டீமிலா, செய்தி மீடியாவிலா? – க.ம., காட்பாடி

மூன்றுக்கும் காசு வரும் வழி வேறு வேறு. பல கம்பெனிகளுக்கு விளம்பர வேலை செய்து தரும் ஏஜென்சி விற்பது ஆட்களின் நேரத்தை. ஒரே ஆளின் தலையில் எத்தனை கிளையன்ட்டை ஏற்ற முடியுமோ அத்தனை லாபம். 3, 4 கிளையன்ட் என்றால் வேலை கற்கலாம். 10 என்றால் பண்டிகை வாழ்த்து போஸ்டர் போடுவதிலேயே வருஷம் ஓடிவிடும். மீடியா விற்பது பார்வையாளரை. கூகுளோ ஃபேஸ்புக்கோ செய்தியைக் காட்டும் தன் விதியை மாற்றினால் அந்த மாதமே செய்தி டெஸ்க் ஆட்டம் காணும். கம்பெனியின் சொந்த டீமில் நீங்கள் செலவுக் கணக்கில் வருகிறீர்கள். நேரத்துக்கு வீட்டுக்குப் போகலாம், ஆனால் விற்பனை சரிந்தால் முதல் வெட்டு விளம்பர பட்ஜெட்டுக்குத்தான்.

முதல் 2 வருஷத்துக்கு ஏஜென்சி. அதிலும் நிபந்தனை உண்டு. இன்டர்வியூவில் மூன்று கேள்வி கேளுங்கள்: எனக்கு எத்தனை கிளையன்ட்? கூகுள் ஆட்ஸ், மெட்டா ஆட்ஸ் (ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரம்) கணக்கில் எனக்கு நேரடி அனுமதி எத்தனை மாதத்தில்? நான் செய்த வேலையைப் பார்த்துத் திருத்தப்போகிற சீனியர் யார்? மூன்றாவது கேள்விக்கு ஒரு பெயர் வரவில்லை என்றால் அங்கே போகாதீர்கள்.

3 லட்சம் சி.டி.சி. என்றால் மாதம் 25 ஆயிரம் கைக்கு வருமா? – ச.வி., சத்துவாச்சாரி

வராது. சி.டி.சி. என்பது கம்பெனி உங்களுக்காக வருஷத்துக்குச் செய்யும் மொத்தச் செலவு. அதில் அடிப்படைச் சம்பளமான பேசிக் பாதி, அதாவது மாதம் 12,500 என்று வைத்துக்கொள்ளுங்கள். 25,000-ல் முதலாளி கட்டும் பி.எஃப். (வைப்பு நிதி) 1,500, கிராஜுவிட்டி (பணிக்கொடை) ஒதுக்கீடு 600, அவர்கள் பங்கு இ.எஸ்.ஐ. (மருத்துவக் காப்பீடு) 650 உள்ளேயே அடங்கும். 'வேரியபிள்', அதாவது வேலையின் பலனைப் பார்த்துப் பிறகு தரும் தொகை 10 சதவீதம் என்றால் அதில் 2,500 போய்விடும். மிஞ்சுவது 19,750. அதிலிருந்து உங்கள் பி.எஃப். 1,500, இ.எஸ்.ஐ. 150, தொழில்வரி சுமார் 200 கழித்தால் கைக்கு 18 ஆயிரத்தை ஒட்டி வரும். வேரியபிள் எப்போது, எதை வைத்துத் தருவார்கள் என்று லெட்டரில் எழுதியிருக்கிறதா பாருங்கள். எழுதவில்லை என்றால் அந்தத் தொகையை மறந்துவிட்டு மற்ற கம்பெனியோடு ஒப்பிடுங்கள்.

(ஒரு பெயரைக் குறிப்பிட்டு) இது நல்ல கம்பெனியா? – குடியாத்தம்

எந்த வேலைக்கு, எந்த ஊரில், என்ன சம்பளத்துக்கு? நலம் விசாரிப்பதற்குக்கூட இதைவிட அதிகம் எழுதுவார்கள். ஒரே கம்பெனியில் காசு கட்டி விளம்பரம் ஓட்டும் பெர்ஃபார்மன்ஸ் டீம் சொர்க்கமாகவும் சோஷியல் மீடியா டீம் நரகமாகவும் இருக்கும். விவரத்தோடு மறுபடி எழுதுங்கள்.

சென்னையில் ஒரு மீடியா கம்பெனி மாதம் 25,000 தருகிறது. லெட்டரில் 'கன்சல்டன்ட்' என்றிருக்கிறது. பி.எஃப். பிடித்தம் இல்லை, 10 சதவீதம் டி.டி.எஸ். மட்டும் என்றார்கள். "கையில் அதிகம் வரும்" என்கிறார் எச்.ஆர். சேரலாமா? – ந.பா., ராணிப்பேட்டை

லெட்டரைப் படித்துவிட்டு எழுதியிருக்கிறீர்கள், நன்றி. இதை நீட்டித்தான் சொல்ல வேண்டும். ஏஜென்சி, யூடியூப் சேனல், செய்தித் தளம் என்று எங்கும் இந்த வியாதி பரவியிருக்கிறது.

முதலில் உங்களுக்குத் தருவது வேலையே இல்லை, ஒரு சேவை ஒப்பந்தம். 'புரொஃபஷனல் ஃபீஸ்', 'ரிடெய்னர்', 'மாதந்தோறும் இன்வாய்ஸ் தர வேண்டும்', 'இது பணி நியமனம் ஆகாது' என்ற சொற்களில் ஒன்று இருந்தாலும் அப்படித்தான். ஆனால் காலை 10 மணிக்கு விரலை வைத்து அட்டெண்டன்ஸ், லீவுக்கு மேனேஜர் அனுமதி, வெளியே வேறு கிளையன்ட் பார்க்கக் கூடாது. ஊழியருக்குரிய கட்டு அத்தனையும் உண்டு, உரிமை ஒன்றும் கிடையாது. அட்வான்ஸை வாங்கிக்கொண்டு வாடகை ஒப்பந்தம் போட மறுக்கும் வீட்டுக்காரரின் கதைதான்.

கணக்குக்கு வருவோம். 25,000-ல் டி.டி.எஸ்., அதாவது முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி 10 சதவீதம் போனால் கைக்கு 22,500. பிடித்த 2,500 வருமான வரி ரிட்டர்ன் போட்ட பிறகுதான் திரும்பும், ஏப்ரலில் பிடித்ததற்கு வருஷத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். முறையான வேலையில் பேசிக் 12,500 என்றால் முதலாளி பங்கு பி.எஃப். மட்டும் வருஷத்துக்கு 18,000. இங்கே அது இல்லை. சம்பளத்தோடு லீவு, கிராஜுவிட்டி, பெண்களுக்கு 26 வாரப் பேறுகால விடுப்பு, பேங்க் லோனுக்கு சாலரி ஸ்லிப், எதுவும் இல்லை.

இதைவிடப் பெரிய அடி பிறகு விழும். அடுத்த கம்பெனி உங்கள் அனுபவத்தைச் சரிபார்க்கும்போது பல இடங்களில் யு.ஏ.என். எனப்படும் உங்கள் நிரந்தர பி.எஃப். எண்ணில் உள்ள வரலாற்றைத்தான் பார்க்கிறார்கள். அதில் 2 வருஷம் வெறுமையாக இருந்தால் இன்வாய்ஸையும் பேங்க் ஸ்டேட்மென்ட்டையும் தூக்கிக்கொண்டு நீங்கள்தான் நிரூபிக்க அலைய வேண்டும்.

பி.எஃப். இல்லை என்றாலே மோசடி என்று கொதிக்கவும் வேண்டாம். 20 பேருக்குக் குறைவான இடத்துக்கு அது கட்டாயமில்லை. பேசிக் 15,000-க்கு மேல், இதற்கு முன் பி.எஃப். கணக்கும் இல்லை என்றால் விட்டுவிடச் சட்டத்திலேயே இடமுண்டு. உங்கள் கேஸ் இந்த இரண்டில் எதுவென்று எச்.ஆரிடம் நேராகக் கேளுங்கள்.

அப்புறமும் போக வேண்டிய நிலை என்றால் ஒன்று, 6 மாதத்தில் நிரந்தர ஊழியராக மாற்றுவோம் என்று மெயிலில் வாங்குங்கள். வாய்வார்த்தை செல்லாது. அல்லது நிஜ ஃப்ரீலான்ஸராகவே பேசுங்கள்: நேரக் கட்டுப்பாடு இல்லை, வேறு கிளையன்ட் பார்ப்பேன், கட்டணம் 25-30 சதவீதம் கூடுதல். இரண்டுக்கும் தலையை ஆட்டாதவர்கள் உங்களை மலிவு ஊழியராகத்தான் பார்க்கிறார்கள்.

2 வருஷ பாண்ட், மீறினால் 1 லட்சம், அசல் சான்றிதழ்களையும் கேட்கிறார்கள். – ஜெ.கா., ஆற்காடு

அசல் சான்றிதழைக் கொடுக்காதீர்கள். எந்தக் கம்பெனிக்கும் கொடுக்காதீர்கள். ஸ்கேன் காப்பி போதும், அசலைக் காட்டிவிட்டு அங்கேயே திரும்ப வாங்குங்கள்.

பாண்ட் செல்லவே செல்லாது என்று நண்பர்கள் சொல்வதை நம்ப வேண்டாம். வேலையை விட்ட பிறகு போட்டிக் கம்பெனியில் சேரக் கூடாது என்ற தடைதான் 1872 ஒப்பந்தச் சட்டம் 27-ம் பிரிவின்படி செல்லாது. பணிக்காலத்துக்கான பாண்ட் வேறு சங்கதி. விஜயா பேங்க் வழக்கில் 2 லட்சம் பாண்டை உச்ச நீதிமன்றமே 2025-ல் ஏற்றது. பொதுவாக அதே சட்டத்தின் 74-ம் பிரிவின்படி நியாயமான நஷ்டத்தைத்தான் கேட்கலாம், எழுதிய தொகை என்பது அதற்கு உச்ச வரம்பு. அதனால் என்ன பயிற்சி, எத்தனை நாள், செலவு எவ்வளவு என்று பாண்டிலேயே எழுதச் சொல்லுங்கள். ரெடிமேட் பிபிடியை 4 நாள் ஓட்டிக் காட்டுவதற்கு 1 லட்சமா?

ஆம்பூரில் ஷூ ஏற்றுமதி கம்பெனியில் டிஜிட்டல் மார்க்கெட்டிங் வேலை, 20,000. சென்னை ஏஜென்சியில் 26,000. எது? – மு.அ., ஆம்பூர்

சென்னையில் சாப்பாட்டோடு பி.ஜி. விடுதி 8-9 ஆயிரம், போக்குவரத்து 1,500, ஊருக்கு வந்துபோக 1,000. பணத்தை மட்டும் பார்த்தால் ஆம்பூர்தான் மேல்.

ஆனால் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: அவர்களுக்குச் சொந்த பிராண்ட் உண்டா? நம் பக்கத்து ஷூ கம்பெனிகள் பல, வெளிநாட்டு பிராண்டுக்குத் தைத்துக் கொடுப்பவை. வாங்குபவர் விரல்விட்டு எண்ணும் அளவுதான், ஆர்டர் கண்காட்சியிலும் சாம்பிளிலும் முடிவாகிறது. அங்கே உங்கள் வேலை வெப்சைட், கேட்டலாக், லிங்க்ட்இன், ஃபேக்டரி வீடியோ என்பதோடு நிற்கும். விளம்பரத்துக்கு நாளுக்கு 500 ரூபாய்கூடச் செலவழிக்க வேண்டியிருக்காது. 2 வருஷம் கழித்து "எவ்வளவு பட்ஜெட் கையாண்டீர்கள்?" என்று கேட்டால் முழிப்பீர்கள். சொந்த பிராண்டை ஆன்லைனில் விற்கிறார்கள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஆம்பூர். இல்லை என்றால் சென்னை.

உலகளாவிய பெரிய ஏஜென்சி குழுமம் என்றால் வேலைக்குப் பாதுகாப்புதானே? – வேலூர்

2025 நவம்பரில் ஆம்னிகாம் என்ற அமெரிக்க விளம்பரக் குழுமம், போட்டிக் குழுமமான ஐபிஜியை வாங்கி முடித்ததும் சுமார் 4,000 வேலைகள் போகும் என்று அறிவித்தது. 1949-ல் தொடங்கிய, தன் கையிலிருந்த டிடிபி என்ற ஏஜென்சியின் பெயரையே ஓரங்கட்டியது. பெரிய இடத்தில் கிடைப்பது பெரிய பட்ஜெட்டில் பழக்கம். பாதுகாப்பு வேறு விஷயம்.

டிவி சேனலின் டிஜிட்டல் டெஸ்க், செய்தித் தளம், எது மேல்? – இ.த., திருப்பத்தூர்

ஷிஃப்டைக் கேளுங்கள். காலை 6, மதியம் 2, இரவு 10 என்று வாரம் ஒருமுறை மாறுகிறதா, இரவு ஷிஃப்டுக்கு வண்டி உண்டா, ஒரு ஷிஃப்டுக்கு எத்தனை செய்தி, பார்வை டார்கெட் தனி ஆளுக்கா டீமுக்கா? தனி ஆளுக்கு என்றால் சினிமா கிசுகிசுவும் ராசிபலனும்தான் எழுதுவீர்கள். பத்திரிகை ஊழியர் சம்பளத்தை நிர்ணயித்த மஜீதியா ஊதியக் குழுவை நம்பிப் போகாதீர்கள், 2014-ல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த அந்தச் சம்பளம் அச்சுப் பத்திரிகைக்காரர்களுக்கும் செய்தி ஏஜென்சிக்காரர்களுக்கும் மட்டுமே வகுக்கப்பட்டது. லெட்டரில் 'கன்சல்டன்ட்' இருந்தால் ராணிப்பேட்டைக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கூகுள் ஆட்ஸ் சான்றிதழுக்கு 6,000 ரூபாய் கேட்கிறார்கள். – ஆரணி

கூகுளின் சொந்தப் பயிற்சித் தளமான ஸ்கில்ஷாப்பில் இலவசம். ஒரு வருஷம்தான் செல்லும், பிறகு மறுபடி எழுத வேண்டும்.

இன்டர்வியூ டாஸ்க்காக ஒரு கிளையன்ட்டுக்கு 30 நாள் கன்டென்ட் கேலண்டரும் 10 போஸ்டரும் கேட்கிறார்கள். – வாணியம்பாடி

அது டாஸ்க் இல்லை, ஓசி வேலை. 5 நாள் கேலண்டர், 1 போஸ்டர், அதன் குறுக்கே உங்கள் பெயர், பிடிஎஃப்பில். எடிட் செய்யும் ஃபைலைத் தராதீர்கள்.

காட்பாடியிலிருந்து தினமும் சென்னைக்கு ரயிலில் போய்வர முடியுமா? – பெயர் இல்லை

சுமார் 130 கிலோமீட்டர், ஒரு வழிக்கே 2 மணி நேரம். சீசன் டிக்கெட் உண்டு, முன்பதிவில்லாப் பெட்டியில்தான், அதுவும் அனுமதித்த ரயில்களில். 6 மணிக்கு விடும் கம்பெனி டீம் என்றால் சமாளிக்கலாம். ஏஜென்சியில் இரவு 8 மணிக்கு கிளையன்ட் "சின்ன கரெக்ஷன்" என்பார். வாரம் 2 நாள் ஆபீஸ் போதும் என்று லெட்டரில் எழுதி வாங்கிக்கொண்டு சேருங்கள்.