ஆக்சிஜன் குழாய் மூக்கில் நழுவாமல், காதில் வலிக்காமல் இருக்க: கேள்வி பதில்

நுரையீரல் வார்டில் நர்ஸாக இருக்கிறேன். வீட்டில் கான்சென்ட்ரேட்டர் (காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் மெஷின்) வைத்திருப்பவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது மெஷினைப் பற்றி அல்ல, இந்த மூக்குக் குழாயைப் பற்றித்தான். கேட்டவற்றில் சிலவற்றுக்குப் பதில் இங்கே.

கேள்வி: அப்பாவுக்கு நிமிஷத்துக்கு 2 லிட்டர் ஆக்சிஜன் ஓடுகிறது. ராத்திரி குழாய் கழன்று கன்னத்தில் கிடக்கிறது. தாடைக்கு அடியில் உள்ள வளையத்தை ஏற்றி இறுக்கினால் காது வலிக்கிறதாம்.

பதில்: இறுக்காதீங்க. அந்த வளையம் தொய்வை எடுக்க மட்டும்தான், அதற்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும். குழாயை இழுப்பது மெஷினிலிருந்து வருகிற நீளக் குழாயின் கனம். அந்த இழுப்பு மூக்குக்குப் போகாமல் சட்டையிலேயே நின்றுவிட வேண்டும். தோள்பட்டைக்குக் கீழே குழாயைச் சுற்றி ஒரு டேப் ஒட்டி, அதன் இரண்டு முனையையும் சேர்த்து ஒட்டினால் காது மாதிரி ஒரு மடிப்பு வரும், ஊக்கை அந்த மடிப்பில் குத்தி சட்டையோடு மாட்டுங்கள் (குழாயில் குத்திவிட்டால் ஆக்சிஜன் அந்த ஓட்டை வழியே போய்விடும்). தலையைத் திருப்ப வேண்டிய அளவு தொய்வு விடணும். அப்புறம் இரண்டு கன்னத்திலும் ஒரு துண்டு மைக்ரோபோர் டேப் (காகிதம் மாதிரி மெலிசான மருத்துவ டேப்). எண்ணெய்ப் பிசுக்கு, வியர்வை எல்லாம் துடைத்து, தோல் நன்றாகக் காய்ந்த பிறகு ஒட்டினால்தான் காலைவரை நிற்கும். வயதானவர்களின் தோல் மெலிசு, பிய்க்காமல் தண்ணீர் தொட்டு மெதுவாக எடுங்கள்.

கேள்வி: அம்மாவுக்குக் காதுக்குப் பின்னால் புண். கண்ணாடியும் போடுகிறார்.

பதில்: காது மடலுக்கு மாட்டுகிற பஞ்சு உறை மெடிக்கல் ஷாப்பில் கேட்டுப் பாருங்கள், இல்லையென்றால் சுத்தமான காஸ் துணியைக் குழாயில் சுற்றி டேப் போட்டாலே போதும். பகலில் கொஞ்ச நேரம் குழாயைக் காதில் மாட்டாமல் தலைக்குப் பின்னால் கொண்டுபோய் பிடரியில் வளையத்தைச் சேர்த்தால் காதுக்கு ஓய்வு கிடைக்கும். தினமும் காதை மடக்கிப் பாருங்கள். விரலால் அழுத்தியும் சிவப்பு வெளுக்கவில்லை என்றால் படுக்கைப்புண் ஆரம்பிக்கிறது, டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

கேள்வி: மூக்கு வறண்டு ரத்தம் கசிகிறது. தேங்காய் எண்ணெய் தடவலாமா?

பதில்: வேண்டாம். வாஸ்லின், விக்ஸும் வேண்டாம். ஆக்சிஜன் பக்கத்தில் எண்ணெய்ப் பசை சட்டென்று தீப்பிடிக்கும், தவிர எண்ணெய் மூச்சோடு நுரையீரலுக்குள் இறங்கினால் அங்கேயே அழற்சி வரும். உப்புநீர்ச் சொட்டு மருந்தோ, தண்ணீரில் செய்த ஜெல்லோ போதும். ஈரப்பத பாட்டில் (ஆக்சிஜனை ஈரமாக்க மெஷினில் மாட்டுகிற தண்ணீர் பாட்டில்) இருந்தால் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரைத் தினமும் மாற்றி ஊற்றுங்கள்.

கேள்வி: மூக்கில் போகிற இரண்டு முனைகளும் எந்தப் பக்கம் வளைந்திருக்கணும்?

பதில்: கீழ்ப்பக்கம். மூக்கின் உள்தரையோடு படிந்து போக வேண்டும், மேலே பார்த்திருந்தால் குத்தும்.

கேள்வி: புதுக் குழாய் சுருண்டு முறுக்கிக்கொள்கிறது.

பதில்: மாட்டுவதற்கு முன் வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு, நீட்டித் தொங்கவிட்டு, உள்ளே ஈரம் இல்லாமல் காயவையுங்கள். சாதாரண பிளாஸ்டிக் நாளாக நாளாக விறைக்கும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது, சளி பிடித்திருந்தால் சரியானதும் உடனே மாற்றுங்கள். சிலிகான் குழாய் விலை கூடுதல்தான், ஆனால் நாள் முழுக்கப் போட்டிருப்பவர்களுக்கு வாங்கிக் கொடுங்கள் என்றே சொல்வேன்.

கேள்வி: குழாயோடு அத்தை விளக்கேற்றுகிறார், சொன்னால் கேட்பதில்லை.

பதில்: கண்டிப்பாகத் தடுங்கள். விளக்கு, ஊதுபத்தி, கேஸ் அடுப்பு எல்லாம் குறைந்தது 10 அடி தள்ளி இருக்கட்டும். மெஷினை நிறுத்திவிட்டுப் போனாலும் சேலையிலும் முடியிலும் ஆக்சிஜன் சற்று நேரம் தங்கியிருக்கும், அதனால் விளக்கை வேறு யாராவது ஏற்றட்டும், அத்தை தள்ளி உட்கார்ந்து கும்பிடட்டும்.

கேள்வி: காற்று வருகிற மாதிரியே தெரியவில்லை, எப்படிப் பார்ப்பது?

பதில்: மூக்கு முனைகளை ஒரு டம்ளர் தண்ணீரில் முக்குங்கள். குமிழி வந்தால் வருகிறது, துடைத்துவிட்டு மாட்டுங்கள். வராவிட்டால் கட்டில் காலிலோ கதவிடுக்கிலோ குழாய் நசுங்கியிருக்கும், அதை முதலில் பாருங்கள்.