எழுத்து (கலியாணப் பதிவு) முடியவில்லை, சேர்ந்து வாழவும் இல்லை: லண்டன் துணைவர் விசாவுக்கு உறவை எப்படிக் காட்டுவது?

நீங்கள் யாழ்ப்பாணத்தில், அவர் லண்டனில். ஒரே வீட்டில் இருந்ததில்லை என்று பயப்பட வேண்டாம். 2024 ஜனவரி 31 முதல் பிரித்தானிய விதி மாறிவிட்டது. திருமணத்துக்கு ஒப்பான உறவு 2 வருடமாவது இருந்திருக்க வேண்டும். சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் ஏன் சேர்ந்து வாழவில்லை என்று நீங்களே எழுதிவிடுங்கள். கலியாணத்துக்கு முதல் வீட்டார் விடமாட்டார்கள் என்பது எங்களுக்குத் தெரியும், கோப்பைப் பார்க்கும் அதிகாரிக்குத் தெரியாது.

வட்ஸ்அப்பில் கதைத்தது முழுவதையும் அச்சடித்துக் கட்டாக அனுப்புகிற ஆட்கள் இருக்கிறார்கள். யார் வாசிப்பது? மாதத்துக்கு ஒரு பக்கம் போதும், திகதி தெரிய வேண்டும். அதைவிடப் பெறுமதியானவை அவர் வந்தபோது கிடைத்த போர்டிங் பாஸ், பாஸ்போர்ட் முத்திரை, நல்லூர்த் திருவிழாவில் இரு வீட்டாரோடும் எடுத்த படம், அவர் காசு அனுப்பிய வங்கிச் சீட்டு. அம்மாவின் கடிதமும் உதவும். "நல்ல பொடியன்" என்று மட்டும் எழுதாமல், எப்போதிருந்து, எப்படித் தெரியும் என்று எழுதினால். தமிழில் உள்ளவற்றுக்குச் சான்றுப்படுத்திய ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும்.

என்னைக் கேட்டால், எழுத்தை முடித்துவிட்டு விண்ணப்பிப்பது லேசு: அந்த 2 வருடக் கணக்குத் தேவையில்லை. உறவு உண்மையென்று அப்போதும் காட்டத்தான் வேண்டும்.