ரோமர்களின் யூக்ளிட் யார்?

அன்புள்ள ஐயா,

ரோமர்களைப் பற்றி நண்பர்களோடு ஒரு வாக்குவாதம். சிற்பம், நாடகம், தத்துவம் எல்லாமே கிரேக்கர்களிடமிருந்து எடுத்ததுதான், ரோமர்கள் சொந்தமாகச் செய்தது ரோடும் போரும் மட்டுமே என்றேன். கிரேக்கர்களுக்கு யூக்ளிட், ஆர்க்கிமிடீஸ் என்று வரிசையாகச் சொல்லலாம். ரோமில் அப்படி ஒரு பெயரைச் சொல்ல முடியுமா?

எஸ்., திருப்பூர்

அன்புள்ள எஸ்.,

முடியாது. இதில் நீங்கள்தான் ஜெயித்தீர்கள். ரோமர்களே ஒப்புக்கொண்ட விஷயம் இது. வெண்கலத்தில் உயிர் வடிப்பதும் வானத்தை அளப்பதும் மற்றவர்கள் வேலை, ரோமனே, உன் கலை ஆள்வது என்ற பொருளில் ரோமக் கவிஞர் வெர்ஜில் எழுதியிருக்கிறார். கி.மு. 212-இல் சிசிலித் தீவின் கிரேக்க நகரமான சிராகுஸ் ரோமர்களிடம் விழுந்தபோது ஆர்க்கிமிடீஸைக் கொன்றவனும் ஒரு ரோமப் படைவீரன்தான். ரோம ஆட்சிக் காலத்துப் பெரிய அறிஞர்களான வானியலாளர் தாலமி, மருத்துவர் காலன் இருவரும் கிரேக்க மொழியில்தான் எழுதினார்கள்.

ஆனால் நீங்கள் கணக்கில் எடுக்காத ஆள் ஒருவர் உண்டு. ஃபிரான்டினஸ். விஞ்ஞானி அல்ல, அதிகாரி. பிரிட்டனில் ஆளுநராக இருந்தவர். கி.பி. 97-இல் ரோம் நகரின் தண்ணீர்ப் பொறுப்பு அவரிடம் வந்தது. அப்போது ஒன்பது கால்வாய்கள் நகருக்குத் தண்ணீர் கொண்டுவந்தன. (அதில் ஒன்று, கி.மு. 19-இல் ரோமத் தளபதி அக்ரிப்பா கட்டியது, பின்னாளில் பழுதுபார்க்கப்பட்டு இன்றும் ரோமின் ட்ரெவி நீரூற்றுக்குத் தண்ணீர் தருகிறது.) கீழே வேலை செய்பவர்கள் சொல்லிக்கொடுத்து ஓர் அதிகாரி வேலை பார்ப்பதைப் போல அவமானம் இல்லை என்று சொல்லிவிட்டு, தானே அளந்து பார்த்து ஒரு நூல் எழுதினார்.

பதிவேட்டில் உள்ளதைவிடக் கால்வாயின் தலைப்பில் அதிகத் தண்ணீர் வருகிறது. அப்படியானால் மிச்சம் எங்கே போகிறது? விசாரிக்கிறார். நீர் உரிமை கைமாறும்போது தொட்டியில் புதுத் துளை போடுவார்கள். பழைய துளையை அடைக்காமல் அந்தத் தண்ணீரை ஊழியர்களே விற்றிருக்கிறார்கள். தெருவுக்கு அடியில் போகும் குழாய்களை ஆங்காங்கே துளைத்து வழியிலுள்ள கடைகளுக்கெல்லாம் இணைப்பு. இதற்கென்றே ஓர் ஆள், அவனுக்குத் 'துளைக்காரன்' என்கிற மாதிரி ஒரு பட்டப்பெயர் வேறு. அந்தத் திருட்டுக் குழாய்களைப் பிடுங்கியதில் சேர்ந்த ஈயத்தை வைத்து, எவ்வளவு தண்ணீர் களவு போயிருக்கும் என்று கணிக்கிறார் ஃபிரான்டினஸ். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

சரி, அவர் கணக்கு சரியா? இல்லை. குழாய் வாயின் பரப்பை வைத்தே தண்ணீரை அளந்தார். வேகமாக வரும் தண்ணீர் கூடுதலாக வரும் என்று அவருக்குத் தெரியும், அதைக் கணக்கில் சேர்க்கத்தான் தெரியவில்லை. அவர் கண்டுபிடித்த வித்தியாசத்தில் ஒரு பங்கு இந்தப் பிழையால் வந்ததாகவும் இருக்கலாம். அதே நூற்றாண்டில் அலெக்சாண்ட்ரியாவின் கணித அறிஞர் ஹீரோன், பரப்பு மட்டும் போதாது, வேகமும் வேண்டும் என்று எழுதிவிட்டார். கிரேக்க மொழியில்தான்! மறுபடியும் உங்கள் கட்சிக்கே வெற்றி. ஆனால் ஹீரோனின் விளக்கத்தை வைத்து ரோமில் யாரும் குளிக்கவில்லை.

தெற்கு பிரான்சில் ரோமர்கள் கட்டிய நீம் நகரக் கால்வாய் சுமார் 50 கி.மீ. நீளம். அவ்வளவு தூரத்துக்கும் மொத்தச் சரிவு ஏறத்தாழ 12 மீட்டர், அதாவது கிலோமீட்டருக்குச் சராசரியாக 25 செ.மீ. மட்டம் பார்க்க அந்தக் காலத்தில் என்ன இருந்தது? ரோமக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் சொல்லும் கருவி 20 அடி நீள மேசை ஒன்று. அதில் தொங்கும் தூக்குநூல்களை வைத்து மட்டம் பார்ப்பார்கள். காற்றில் தூக்குநூல் ஆடினால், மேல் பலகையில் வெட்டிய பள்ளத்தில் தண்ணீர் ஊற்றி மட்டம் பார்ப்பார்கள். இதைச் செய்தவர்களின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை, அதனால்தான் உங்கள் வரிசையில் அவர்கள் வரவில்லை.

சிற்பத்தில் மட்டும் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. பேரரசர்கள் வருவதற்கு முந்தைய குடியரசுக் காலத்து ரோம முகச்சிலைகளைப் பாருங்கள். வழுக்கை, ஒட்டிய கன்னம், நெற்றி முழுக்கச் சுருக்கம். காசு கொடுத்துத் தன் கிழட்டு முகத்தை அப்படியே செதுக்கச் சொன்ன ஊர் அது. செதுக்கியவர்களில் கிரேக்கர்களும் இருந்திருப்பார்கள், அதனால் நண்பர்களிடம் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்.