மூண்டாம் கிழமையில நோவில்லை எண்டு புழுக்கொடியல் கடிக்கலாமோ?

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது, சலரோகமும் இருக்கு. கீழ்க் கொடுப்புப் பல்லு கழட்டின இடத்தில இம்பிளான்ட் (பல்லு வேருக்குப் பதிலாத் தாடை எலும்புக்குள்ள இறுக்கிற டைட்டேனிய உலோகத் திருகாணி) வைச்சு மூண்டு கிழமை, நோவே இல்லை எண்டுறா. ஆனா பல்லுப் பூட்ட மூண்டு மாசம் பொறுக்கட்டாம். ஏன் இவ்வளவு நாள்? பசை ஏதும் வைச்சோ ஒட்டுறது? (வாசகி, கொக்குவில்)

பதில்: பசை ஒண்டும் இல்லைப் பிள்ளை, எலும்பு தானாத்தான் பிடிக்குது. 1952இல சுவீடனில பிரோனமார்க் எண்ட டொக்டர் முயலின்ர எலும்புக்குள்ள டைட்டேனியத்தில செய்த சின்னக் கருவி ஒண்டை வைச்சு இரத்த ஓட்டம் பாத்துக்கொண்டிருந்தவர், வேலை முடிஞ்சு கழட்டப் போனா வரேல்லை, எலும்பு அதோடயே சேந்து வளந்திட்டுது. அதை வைச்சுத்தான் 1965இல முதல் ஆளுக்குத் தாடையில டைட்டேனிய இம்பிளான்ட் வைச்சார், அது 40 வருசம் தாண்டியும் அவருக்கு நிண்டது.

டைட்டேனியத்துக்கு மேல மெல்லிய ஒக்சைட் படை ஒண்டு இருக்கு, உடம்பு அதை ஒதுக்காது. துளைக்குள்ள உறையிற இரத்தத்துக்குள்ளால எலும்பு கட்டுற செல்லுகள் வந்து அந்தப் படையிலயே எலும்பைப் போடும்.

இனித்தான் முக்கியமான விசயம். வைச்ச அண்டைக்கு அது இறுக்கமா நிண்டது மரத்தில திருகாணி இறுக்கின மாதிரி, பழைய எலும்பின்ர பிடி மட்டும்தான். துளை போடேக்க நசிஞ்ச எலும்பை உடம்பு கரைச்சுப்போட்டுத்தான் புதுசு கட்டும், அதால ரெண்டாம், மூண்டாம், நாலாம் கிழமையளில பழைய பிடி தளர்ந்து புதுசு இன்னும் முத்தாம ஒரு இடைக்காலம் வரும், அம்மா இப்ப சரியா அதுக்குள்ளதான் நிக்கிறா. இந்த நேரம் ஒரு மில்லிமீற்றரில பத்தில ஒரு பங்குக்கு மேல திரும்பத் திரும்ப அசைஞ்சாலே எலும்புக்குப் பதிலா நார் மாதிரிச் சதை பிடிச்சிடும், பிறகு கழட்டத்தான் வேணும். நோவில்லாதது நல்லம், ஆனா எலும்பு பிடிச்சிட்டுது எண்டதுக்கு அது சாட்சி இல்லை.

அதால புட்டு, சொதி விட்ட இடியப்பம், குழைச்ச சோறு எல்லாம் மற்றப் பக்கத்தால சாப்பிடட்டும். புழுக்கொடியல், முறுக்கு இப்ப வேண்டவே வேண்டாம். வெத்திலையோட புகையிலை போடுறவ எண்டா அதையும் நிப்பாட்டுங்கோ, இதை நான் கெஞ்சிக் கேக்கிறன்.

சலரோகம் எண்டதுக்காக இம்பிளான்ட் வைக்கக்கூடாது எண்டில்லை, ஆனா சீனி ஏறி நிண்டா எலும்பு கட்டுறது மந்தமாகும், புண்ணும் ஆறாது. மூண்டு மாசச் சீனி காட்டுற இரத்தப் பரிசோதனை செய்து கனநாளெண்டா ஒருக்காச் செய்யுங்கோ. எலும்புத் தேய்வுக்குக் குளிசை, ஊசி ஏதும் எடுக்கிறாவெண்டா பல்லு டொக்டருக்குக் கட்டாயம் சொல்லவேணும், அதுகளில சிலது தாடை எலும்பு ஆறுறதைக் குழப்பும்.

முரசு வீங்கினா, சீழ் வந்தா, ஆடுற மாதிரி இருந்தா, விரலால ஆட்டிப் பாக்காம அண்டைக்கே வைச்ச டொக்டரிட்டக் கூட்டிக்கொண்டு போங்கோ.